சொல்தா தாத்தாவின் அல்ஜீரியாவை எழுதி வைப்பது எப்படி

புதுச்சேரி, காரைக்கால் பக்கத்தில் பழைய குடும்பங்கள் பலவற்றில் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்த சிப்பாய், இருந்திருப்பார். சுவரில் கெப்பித் தொப்பி போட்ட கறுப்பு வெள்ளைப் படம், பீரோவுக்கு மேலே ஒரு தகரப் பெட்டி, பிரான்சிலிருந்து வரும் பென்ஷன். நான் பதினெட்டு வருஷமாக இந்தக் குடும்பங்களுக்குப் பிரெஞ்சில் மனு எழுதிக் கொடுக்கிறேன். விதவைப் பென்ஷன், உயிரோடிருப்பதற்கான சான்று, பெயர் திருத்தம், இந்த மாதிரி வேலைகள். எத்தனையோ தகரப் பெட்டிகளைத் திறந்து பார்த்தாயிற்று. எங்கள் பாகூர் வீட்டுப் பெட்டியைத்தான் கடைசியாகத் திறந்தேன்.

இந்தோசீனாவுக்கு, அதாவது இன்றைய வியட்நாம் பக்கம், போனவர்கள் பேசுவார்கள். சைகோன் மாரியம்மன் கோயில், ஆற்றோரக் கடைகள், தமிழ் பேசும் குமாஸ்தாக்கள் என்று நிறைய வரும். பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக விடுதலைப் போர் நடந்த அல்ஜீரியாவுக்குப் போனவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. "அங்க குளிரு, வேற என்ன?" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். எங்கள் தாத்தாவும் அப்படித்தான். 1934இல் பிறந்து, 19 வயதில் கையெழுத்துப் போட்டு, கொழும்பு வழியாகப் பிரான்சின் மார்செய் துறைமுகம் போய், ஃப்ரேழுஸில் பயிற்சி எடுத்து, 1956 வசந்தத்தில் அல்ஜியர்ஸில் இறங்கியவர். 22 வயது. அவரிடமிருந்து அந்தக் கதையை வாங்க எனக்கு மூன்று வருஷம் ஆனது. அதில் ஒரு வருஷம் என் தப்பால் வீணானது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இன்னும் இருந்தால், அல்லது பெட்டி மட்டும் மிஞ்சியிருந்தால், எதை எப்படிச் செய்யலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பெட்டி, அப்புறம் ஆள்

நேராகப் போய் அவரிடம் கேட்காதீர்கள். முதலில் காகிதங்களைப் படியுங்கள். அவர் இருந்த இடமும் மாதமும் தெரியாமல் கேட்டால் பொதுவான கேள்விதான் வரும். பொதுவான கேள்விக்குக் "குளிரு" என்பதுதான் பதில்.

பெட்டியில் முதலில் தேட வேண்டியது லிவ்ரே மிலித்தேர் என்கிற சின்னப் படைப் புத்தகம். எண், சேர்ந்த தேதி, படைப்பிரிவு எல்லாம் அதில் இருக்கும். அப்புறம் பதக்கங்கள். பச்சை மஞ்சள் கோடு போட்ட ரிப்பனும், மூன்று தலை யானையும் இருந்தால் அது இந்தோசீனாப் பதக்கம். (சின்ன வயதில் நான் அதை ஐராவதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பக்கத்து வீட்டுத் தாத்தாவுடையது.) அல்ஜீரியா என்று பட்டை கோத்த பதக்கம் இருந்தால், அதன் முழுப் பெயரை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்: பாதுகாப்பு, ஒழுங்கு காக்கும் நடவடிக்கைகளின் நினைவுப் பதக்கம். போர் என்ற சொல்லே கிடையாது. சிலுவை வடிவப் பதக்கம் இருந்தால் அதிலும் இதே கதைதான். பிரெஞ்சுப் படையில் போர்ச் சிலுவை என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது. அல்ஜீரியாவில் நடப்பது போரே இல்லை என்று அரசு சொல்லிவிட்டதால் அதைக் கொடுக்க முடியாமல், 1956இல் "படை வீரச் சிலுவை" என்று புதிதாக ஒன்றை உண்டாக்கினார்கள். எட்டு வருஷம் சண்டை நடந்தது. அது போர்தான் என்று பிரெஞ்சுச் சட்டம் ஒத்துக்கொண்டது 1999 அக்டோபர் 18ஆம் தேதி. தாத்தாவுக்கு அப்போது 65 வயது.

அதனால் காகிதங்களில் "போர்" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. வட ஆப்பிரிக்கா என்பதைக் குறிக்கும் ஆ.எஃப்.என். என்ற மூன்று எழுத்தையும், "ஒழுங்கு காத்தல்" என்ற சொற்களையும் தேடுங்கள்.

இன்னொன்று, படைப்பிரிவின் பெயர். தாத்தாவின் காகிதங்களில் 1958 வரை "கொலோனியால்" காலாட்படை, அப்புறம் திடீரென்று "மரீன்" காலாட்படை. ஆள் கடற்படைக்கு மாறிவிட்டாரா என்று எங்கள் சித்தப்பா குழம்பிப்போனார். யாரும் எங்கேயும் மாறவில்லை. குடியேற்றப் படை என்ற பெயர் கூச்சமாகிவிட்டதால், 1958 டிசம்பரில் அதே ரெஜிமெண்டுகளுக்குப் பெயரை மட்டும் மாற்றினார்கள்.

போ ஊருக்கு ஒரு கடிதம்

பெட்டியில் ஒன்றுமே இல்லையா? கரையான் தின்றுவிட்டதா? கவலை வேண்டாம். பிரான்சின் தென்மேற்கில் போ என்று ஒரு ஊர். படையினரின் தனிக் கோப்புகளை வைத்திருக்கும் காப்பகம் அங்கே இருக்கிறது. அதிகாரிகளின் கோப்பு பாரீசுக்குப் பக்கத்தில் வான்சென் கோட்டையில். நம் ஆட்கள் பெரும்பாலும் சிப்பாய், கார்ப்பொரல், சார்ஜெண்ட். ஆகவே போ. அங்கே கேட்க வேண்டிய காகிதத்தின் பெயர் எத்தா சிஞ்ஞாலெத்தீக் எ தே செர்வீஸ். எந்தத் தேதியில் எந்த ஊரில் எந்தப் பிரிவில் இருந்தார் என்று வரி வரியாக வரும். அவர் உயிரோடு இருந்தால் அவரே கையெழுத்துப் போட்டுக் கேட்கலாம். இல்லையென்றால் இறப்புச் சான்றும் உறவைக் காட்டும் காகிதமும் இணைக்க வேண்டும். மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருங்கள்.

பெயரில்தான் நம் ஆட்கள் எல்லோரும் விழுவார்கள். நானே விழுந்தேன், மனு எழுதுவதையே தொழிலாக வைத்திருந்தும். 1881 ஆணைப்படி ரெனோன்சான் ஆன, அதாவது சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பமென்றால் ஒரு குடும்பப் பெயர் உறுதியாக இருக்கும், தொல்லை இல்லை. மற்றவர்களுக்கு அப்பா பெயரும் சொந்தப் பெயரும்தான். சேர்ந்த அன்று எழுதிய குமாஸ்தா எதைக் குடும்பப் பெயராக வைத்தார் என்பது அவருக்கே வெளிச்சம். நான் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு அனுப்பினேன். அப்படி ஒரு ஆளே இல்லை என்று பதில் வந்தது. அடுத்த முறை இரண்டு வரிசையிலும், தெரிந்த எல்லா எழுத்துக்கூட்டலிலும், பிறந்த தேதியோடு எழுதினேன். வந்துவிட்டது. நீங்கள் முதல் கடிதத்திலேயே அப்படி எழுதிவிடுங்கள்.

ஊர்ப் பெயர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. விடுதலைக்குப் பிறகு அல்ஜீரியா பிரெஞ்சுப் பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டது. பிலிப்வீல் இப்போது ஸ்கிக்தா. போன் என்பது அன்னாபா. பூஜி என்றால் பெஜாயா. ஓர்லியான்வீல் என்று இருந்தால் ஷ்லெஃப். தாத்தாவின் காகிதத்தில் ஃபோர் நாசியோனால், மிஷ்லே என்று இரண்டு ஊர்கள் இருந்தன. வரைபடத்தில் தேடித் தேடி அலுத்தேன். இன்று அவை லர்பா நாத் இராத்தன், ஐன் எல் ஹம்மாம். இரண்டும் கபிலி மலைப் பகுதியில். ஜுர்ஜுரா மலைத்தொடர், 2,300 மீட்டருக்கு மேல் உயரம், மார்கழியில் பனி. பாகூர் ஏரிக்கரையில் வளர்ந்தவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். "குளிரு" என்று அவர் சொன்னது சாக்கில்லை, நிஜம்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எடுத்தவுடன் கேட்கக் கூடாத கேள்வி

நான் கேட்ட முதல் கேள்வி இது: "தாத்தா, நீங்க யாரையாவது சுட்டிருக்கீங்களா?"

எழுந்து போய் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றினார். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு வருஷம் ராணுவம் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்துவிடுவார். ஆயா என்னைத் திட்டினாள். "உனக்கு எதுக்குடி அந்தப் பேச்சு? ராத்திரில நான்தானே கூடப் படுக்கிறேன்?"

ஆயாவின் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து நான் கற்றுக்கொண்டது அதிகம். இந்தப் பேச்சைக் காலையில் மட்டும் எடுங்கள். பொழுது சாய்ந்த பிறகு வேண்டாம், அது தூக்கத்துக்குள் புகுந்துவிடும். பேரன்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும்போது கேட்காதீர்கள். அவர்கள் சினிமாவை எதிர்பார்ப்பார்கள், அவரும் பாவம் கொஞ்சம் சினிமாவைக் கலந்துவிடுவார். ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் போதும். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள்.

உடம்பைப் பற்றிக் கேளுங்கள். கால், தோள், வயிறு. என்ன சாப்பிட்டீர்கள், எதைச் சுமந்தீர்கள், பக்கத்தில் யார் படுத்தார்கள். அறுபது வருஷம் ஆனாலும் தோளுக்கு எடை மறக்காது. அடுத்த தடவை நான் கேட்டது இவ்வளவுதான்: "தாத்தா, ரேடியோ எவ்ளோ கனம் இருக்கும்?"

அவர் ரேடியோக்காரர். காகிதத்தில் போட்டிருந்தது. அந்தக் காலத்து முதுகு ரேடியோ சுமார் 15 கிலோ. அதற்கே ஒரு மணி நேரம் பேசினார். வார் தோளில் எங்கே வெட்டியது, பேட்டரி நனைந்தால் என்ன ஆகும், ஏரியல் நீட்டிக்கொண்டிருப்பதால் ரேடியோக்காரனைத்தான் முதலில் சுடுவார்கள் என்பது, முன்னால் போகும் லெஃப்டினன்ட் திரும்பிக் கையை நீட்டினால் ரிசீவரை எப்படி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது. பெட்டிச் சாப்பாட்டில் வந்த மத்தி மீனைக் கொடுத்துப் பக்கத்து ஆளிடம் கொண்டைக்கடலை வாங்கிக்கொண்டாராம். அரிசி கிடைக்கவே இல்லை. கட்டாய சேவைக்கு வந்த பிரெஞ்சுப் பையன்கள் 27, 28 மாதம் முடிந்து வீட்டுக்குப் போகும் நாளில் மரத்தால் செய்த கீய் என்கிற பொம்மைக் கட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கத்துவார்கள். "எனக்கு ஏது கட்டை? நான்தான் கையெழுத்துப் போட்டு வந்தவனாச்சே" என்றார்.

போகிற போக்கில் அன்றைக்கு இதையும் சொன்னார். காவல் போஸ்டில் இருந்த பெரிய ரேடியோவுக்குக் கையால் சுற்றும் ஜெனரேட்டர் ஒன்று உண்டு. "அத ராத்திரில வந்து கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. காலைல திருப்பித் தருவாங்க. நான் தொடச்சி வைப்பேன்."

யார் வாங்கிப் போவார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. என் வாழ்க்கையில் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

கைப்பேசி வரைபடமும் உதவும். செயற்கைக்கோள் படத்தில் மிஷ்லேக்குப் போகும் மலைப்பாதையைக் காட்டினேன். விரலால் நகர்த்திக்கொண்டே போனவர் ஒரு வளைவில் நிறுத்தினார். அங்கே ஒரு குக்கிராமம் இருந்ததாம். ஓட்டு வீடுகள், அத்தி மரம், எண்ணெய் ஆட்டும் கல். ஆட்களை வெளியேற்றச் சொன்னார்கள். ஒரு கிழவி, வெள்ளியில் பவழம் பதித்த நகை போட்டவள், நம்ம ஊர்ப் பாம்படக் கிழவி மாதிரியே இருந்தாளாம். ஒலிவ எண்ணெய் ஜாடியை விடமாட்டேன் என்று கட்டிக்கொண்டு நடந்தாள். எல்லோரும் போன பிறகு யாரும் திரும்பி வந்து குடியிருக்க முடியாதபடி ஓடுகளை உடைத்தார்கள். "நானும் ஒடச்சேன். துப்பாக்கிக் கட்டையால" என்றார். படத்தில் அந்த இடத்தில் இப்போது மரங்கள்தான் தெரிகின்றன.

சொற்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை.

ஒவ்வொரு படைப்பிரிவும் அன்றாடம் ஒரு நாட்குறிப்பு எழுதியது. ஜே.எம்.ஓ. என்று சுருக்கிச் சொல்வார்கள். முதல் உலகப் போரின் நாட்குறிப்புகளை "மெமுவார் தே ஓம்" என்ற பிரெஞ்சு அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். அல்ஜீரியாவுடையதைப் பார்க்க நாங்கள் வான்செனுக்கு ஆள் அனுப்பினோம். பாரீசுக்குப் பக்கத்துச் சார்செலில் இருக்கும் என் சித்தி மகன் முன்பதிவு செய்துவிட்டுப் போய் உட்கார்ந்து, ஃபிளாஷ் இல்லாமல் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினான். அல்ஜீரியா ஆவணங்களுக்கு 1 எச் என்ற வரிசை, இந்தோசீனாவுக்கு 10 எச். அங்கே கேட்கும்போது இதைச் சொன்னால் வேலை சுருக்கமாக முடியும்.

முதல் வாசிப்பில் அந்த நாட்குறிப்பு அலுப்பாக இருக்கும். தேதி, வானிலை, நடை, திரும்பினோம். இரண்டாவது வாசிப்பில்தான் சொற்கள் உறுத்தத் தொடங்கும். "எச்.எல்.எல்." என்று வந்தால் சட்டத்துக்குப் புறம்பானவர்கள் என்று பொருள், அதாவது எதிரிப் போராளி. போர் இல்லை என்றால் எதிரிப் படையும் இருக்கக் கூடாதல்லவா? "பிதோன் ஸ்பெசியால்" என்றால் சிறப்புக் கேன்கள். விமானம் "சிறப்புக் கேன்" போட்டது என்று எழுதியிருந்தால் அது நாப்பாம் நெருப்புக் குண்டு. தடை செய்யப்பட்ட பகுதி என்றால் அங்கே கண்ணில் பட்டவர் ஆடு மேய்ப்பவரானாலும் சுடலாம் என்று அர்த்தம். "மறுகுடியமர்த்தல்" என்றால் தாத்தா ஓடு உடைத்த வேலை. அப்படி வீட்டை விட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்த மக்கள் அல்ஜீரியா முழுக்க 20 லட்சத்துக்கும் மேல்.

தப்பி ஓடும்போது சுடப்பட்டான் என்ற வரியை எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். சிப்பாய்கள் மொழியில் இதற்குக் "கோர்வே த புவா" என்று பெயர், விறகு பொறுக்கும் வேலை. கைதியை விறகு எடுத்து வர வெளியே அழைத்துப் போவார்கள். விறகும் வராது, கைதியும் வரமாட்டான். அப்புறம் "ஜேஜேன்". அது ஜெனரேட்டரைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர், நாம் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி. களத் தொலைபேசி, ரேடியோ இவற்றின் கைச்சுற்று ஜெனரேட்டரிலிருந்து இரண்டு கம்பி இழுத்துக் கைதியின் உடம்பில் வைப்பார்கள். இந்தச் சொல் நாட்குறிப்பில் வராது. அங்கே "விசாரிக்கப்பட்டான்" என்று மட்டும்தான் இருக்கும்.

கணக்கையும் பாருங்கள். ஒவ்வொரு நடவடிக்கைக்குப் பிறகும் "பிலான்" என்று ஒரு கூட்டல் இருக்கும். கொன்ற எதிரிகள் இத்தனை, கைப்பற்றிய ஆயுதங்கள் இத்தனை. ஒரு பேச்சுக்கு, செத்தவர்கள் பதினான்கு, கிடைத்த துப்பாக்கி இரண்டு என்று போட்டிருந்தால், மற்றப் பன்னிரண்டு பேர் கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். நாட்குறிப்பு பதில் சொல்லாது. இருந்தாலும் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். நான் ஒரு பள்ளிக்கூட நோட்டில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு எழுதினேன். நான்காம் பக்கத்துக்கு மேல் எழுத முடியாமல் எழுந்துபோய் வெளியே நின்றேன்.

மூன்று நிறப் பேனா

அவர் வாயால் சொன்னதை நீலத்தில் எழுதுங்கள். காகிதத்தில் இருப்பதைக் கறுப்பில். நீங்களாக ஊகிப்பதைச் சிவப்பில். சிவப்பை ஒருநாளும் நீலமாக்காதீர்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், விறகு பொறுக்கும் வேலை என்ற சொல்லைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போனது. தாத்தா கடைசி வரை வீட்டில் விறகு எடுத்துவர யாரையும் அனுப்பமாட்டார். ஆயா எங்களில் ஒருத்தியைக் கொல்லைக்கு அனுப்பினால் "நீ இரு பாப்பா" என்று தானே எழுந்து போவார். கேஸ் அடுப்பு வந்த பிறகும் வெந்நீர் அடுப்புக்கு அவர்தான் பிளப்பார். எல்லாம் பொருந்துகிறது, அடடா, இதுதான் கதையின் முடிச்சு என்று இரவோடு இரவாக நாலு பக்கம் எழுதிவிட்டேன். மறுநாள் ஆயாவிடம் மெதுவாகக் கேட்டேன். "அவங்கப்பா விறகுக் கடை வச்சிருந்தாருடி. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே கோடாலிய யாரையும் தொட விடமாட்டாரு" என்றாள். நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். உங்களுக்கும் இப்படி ஒரு நாலு பக்கம் வரும். கிழிப்பதற்கு முன்னால் வீட்டில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

1954 நவம்பர் 1

இந்தத் தேதியை நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். அன்றுதான் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். அன்றைக்கே, நள்ளிரவு தாண்டி, அல்ஜீரியாவில் தேசிய விடுதலை முன்னணியின் முதல் தாக்குதல்கள் தொடங்கின. நம் ஊரில் கொடி இறங்கிய நாள், அவர்கள் ஊரில் துப்பாக்கி வெடித்த நாள். தாத்தா அன்று ஃப்ரேழுஸ் முகாமில் பயிற்சியில் இருந்தார். 20 வயது.

அவரிடம் கேட்கத் தயங்கிய கேள்வி இதுதான். நம் ஊர் விடுதலையான பிறகும் இன்னொரு ஊர் விடுதலையாகக் கூடாது என்று நீங்கள் ஏன் போய் நின்றீர்கள்? எங்கள் பெரிய மாமா, தாத்தாவின் மச்சான், கதர் போட்டு ஊர்வலம் போனவர். அவர் இதை நேரடியாகவே கேட்டு, இருவரும் பதினோரு வருஷம் பேசாமல் இருந்தார்கள். உங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை ஏதாவது ஒரு வடிவில் நடந்திருக்கும். விசாரியுங்கள், அதுவும் ஆவணம்தான்.

நான் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. "அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்து. அப்பாவுக்குக் கடன். மாசம் மணியார்டர் போனா வீட்ல அடுப்பு எரியும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மொதல்ல அவங்க யாருன்னே தெரியாது பாப்பா. தெரிஞ்சப்ப மலை மேல இருந்தேன்" என்றார். இரண்டையும் நீலத்தில் எழுதினேன். இரண்டாவதை மட்டும் எடுத்துப் போட்டால் அவர் நல்லவராகத் தெரிவார், முதலாவதை மட்டும் போட்டால் பிழைப்புக்குப் போனவராகத் தெரிவார். சேர்த்தே எழுதுங்கள்.

பயத்தைப் போக்க

கிழவர்கள் வாய் திறக்காததற்கு வெட்கம் மட்டும் காரணம் இல்லை. "பென்ஷன் நின்னுடுமோ?" என்பதுதான் என்னிடம் வருபவர்கள் முதலில் கேட்பது. 1962 மார்ச் 22ஆம் தேதி ஆணைகளும் 1968 ஜூலைச் சட்டமும் அல்ஜீரியாவில் படையினர் செய்தவற்றுக்குப் பொது மன்னிப்பு வழங்கிவிட்டன என்பதைச் சொல்லுங்கள். சொல்லும்போது எனக்கே கசக்கும். அந்த மன்னிப்பால்தான் சித்திரவதை செய்த பெரிய அதிகாரிகள் யாரும் அதற்காகக் கூண்டில் ஏறவில்லை. ஆனால் ரேடியோ துடைத்து வைத்த கிழவரின் தொண்டை அடைப்பு கொஞ்சம் இளகும்.

எங்கள் வீட்டில் இளகியது ஒரு செய்தியால். மொரீஸ் ஓதேன் என்று ஒரு கணித ஆசிரியர், 25 வயது, 1957 ஜூனில் அல்ஜியர்ஸில் பாராசூட் படையினர் பிடித்துப் போனார்கள். தப்பி ஓடிவிட்டார் என்று ராணுவம் சொல்லிவந்தது. 2018 செப்டம்பர் 13 அன்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மக்ரோன் அது பொய், படையினரின் சித்திரவதைக்கு ஆளாகி அவர்கள் கையில்தான் செத்தார் என்று ஒப்புக்கொண்டார். பிடித்துப்போய்ச் சித்திரவதை செய்யும் அந்த முறை 1956இல் நாடாளுமன்றம் கொடுத்த சிறப்பு அதிகாரங்களின் மேல் எழுந்தது என்றும், அந்தச் சாவுக்கு அரசுக்குப் பொறுப்பு உண்டு என்றும் சொன்னார். பிரெஞ்சுச் செய்தியை நான் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். இரண்டு நாள் கழித்துக் காலையில் அவராகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்த மெஷின் கத சொன்னேன்ல..." என்று ஆரம்பித்தார்.

அவர் சொன்னது முழுவதையும் இங்கே எழுதப்போவதில்லை. யார் வந்து வாங்கிப் போனார்கள், எந்த அறை, சத்தம் கேட்காமலிருக்க வெளியே லாரியின் எஞ்சினை எப்படி ஓடவிட்டார்கள். தன் கை அதைச் சுற்றவில்லை என்றார். "ஆனா தொடச்சது நான்தானே" என்றும் சொன்னார். நான் எதையும் சரி என்றோ தப்பு என்றோ சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன்.

எதிர்ப்பக்கத்தையும் தேடுங்கள்

பிரெஞ்சுக் காகிதத்தோடு நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான். ஓதேன் விஷயம் வெளிவந்த அதே மாதம், "மீல் ஓத்ர்", அதாவது ஆயிரம் மற்றவர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் ஒரு இணையதளம் தொடங்கினார்கள். 1957இல் அல்ஜியர்ஸில் பிடித்துப் போகப்பட்டவர்களின் பெயர்களைப் போட்டு, குடும்பத்தாரிடமிருந்து நினைவுகளைக் கேட்டு வாங்குகிறார்கள். பிரெஞ்சு படிக்க வராவிட்டாலும் படங்களைப் பாருங்கள். பாரீசில் பிரான்லி கரையில் 2002இல் திறந்த நினைவிடம் இருக்கிறது. அங்கே மூன்று தூண்களில் பிரான்சுக்காகச் செத்தவர்களின் பெயர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டையும் பார்த்தால்தான் கணக்கு நேராகும். பிரெஞ்சுத் தரப்பில் செத்த சிப்பாய்கள் சுமார் 25,000. அல்ஜீரியர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றும் சண்டை. பிரெஞ்சு ஆய்வாளர்கள் சில லட்சம் என்கிறார்கள், அல்ஜீரிய அரசு 15 லட்சம் என்கிறது. உங்கள் எழுத்தில் ஒரு எண்ணைப் போட்டால் அது யார் சொன்ன எண் என்பதையும் போட்டுவிடுங்கள். காணாமல் போனவர்களைத் தேடுவோருக்காக 2021 டிசம்பரில் அந்தக் காலத்து நீதி விசாரணைக் கோப்புகளையும் பிரான்ஸ் திறந்துவிட்டது. முன்பு கேட்டு இல்லை என்று பதில் வாங்கியிருந்தால் மறுபடி கேளுங்கள்.

ஒலிப்பதிவு

கைப்பேசி போதும். மின்விசிறியை ஒன்றில் வையுங்கள், ஐந்தில் வைத்தால் பிறகு ஒன்றும் கேட்காது. கோப்புக்குத் தேதியையே பெயராக வையுங்கள். மூன்று பிரதி: ஒன்று வீட்டில், ஒன்று வெளியூர் உறவினரிடம், ஒன்று இணையத்தில் பூட்டிய இடத்தில். அவர் பேசியபடியே எழுதுங்கள். "தொடச்சேன்" என்றால் "துடைத்தேன்" என்று திருத்த வேண்டாம். நடுவே பிரெஞ்சு வந்தால் தமிழ் எழுத்தில் அப்படியே போட்டு, அர்த்தத்தை ஓரத்தில் எழுதுங்கள்.

கடைசியாக, முழுப் பதிவையும் ஒருமுறை அவருக்கே போட்டுக் காட்டுங்கள். நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள். 2019 ஐப்பசியில், மழை பெய்த ஒரு காலையில், தாத்தாவின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். ரேடியோக்காரர் அல்லவா, பழக்கமானவர் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூன்று நாள் கேட்டார். ஒன்றையும் மறுக்கவில்லை. ஒரே ஒரு பெயரை எடுக்கச் சொன்னார். பக்கத்துப் படுக்கையில் படுத்தவன், அவனுக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள் என்றார். எடுத்தேன். முதல் பிரதியிலும் எடுத்துவிட்டாயா என்று கேட்டு, நான் அழிப்பதை உட்கார்ந்து பார்த்தார். அடுத்த தை மாதம் அவர் போய்விட்டார். இப்போது பதினேழாம் பதிவில் அந்த இடத்தில் நாலு விநாடி மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கிறது. நோட்டில் அதற்கு நேராகக் கறுப்புமில்லாமல் நீலமுமில்லாமல் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன்.